சந்தனப் பொட்டு வைத்த காதுகுத்து சிடி

எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் ஒரு சிடியைக் கொடுத்து, இதைக் காப்பி பண்ணிப் பென் டிரைவில் போட்டுக்கொடு என்றேன். அவள் தன் லேப்டாப்பை எடுத்து இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், தூக்கி அடிப்பக்கமும் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக, "அக்கா, இதை எங்க சொருகணும்?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற இதைவிட நல்ல நேரம் வராது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெண் விடவில்லை. நீங்கள் சிடியைத் தண்ணீரில் கழுவுவீர்களாமே, சிடி படிக்கிற டிரைவுக்கெல்லாம் உறவுமுறைப் பேர் வைத்திருந்தீர்களாமே, எழுதிக் கொடுங்கள் என்று நச்சரித்தாள். எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயோ சிடி போச்சே என்று மூக்கைச் சிந்துகிற கட்டுரை இல்லை இது. சிடி போனதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது. கீறல் விழும், பூஞ்சை பிடிக்கும், குழந்தை கடிக்கும், எலி கடிக்கும். அது ஒழிந்ததே நல்லது. ஆனால் அது இருந்த வரைக்கும் நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

என் பெயர் சரோஜா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் காதர் பாய் கடையில் கேசட் விற்கிற வேலைக்குச் சேர்ந்தேன். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, நான் மட்டும் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்கிப் பார்த்தேன், நின்றுபோனால் அணைத்துப் போட்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

வேலை இதுதான். ஜனங்கள் தங்கள் வீட்டில் கிடக்கும் பாட்டு சிடி, கல்யாண சிடி, வளைகாப்பு டிவிடி எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள் இழுத்து, பென் டிரைவில் போட்டுத் தருவோம். போன வெள்ளிக்கிழமை வந்த புதுப்படம் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களுக்கு பாய் டீ கூடக் கொடுக்காமல் வழி காட்டிவிடுவார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தினுசு. எடப்பாடித் தறிக்காரர்களுக்குப் பாட்டு எதுவானாலும் கவலையில்லை, தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும். மேட்டூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, தான் எந்தப் பாட்டை எப்போது முதலில் கேட்டாரோ அந்த வரிசையில்தான் பென் டிரைவில் இருக்க வேண்டும் என்றார். வரிசை அவர் தலைக்குள்தான் இருந்தது. ஒவ்வொரு பாட்டையும் பாடிக் காட்டி, அப்போது தான் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதையும் சொல்லி, பிறகுதான் அடுத்ததற்குப் போவார். அவர் பாடி முடிப்பதற்குள் கடை வாசலில் கூட்டம் கூடிவிடும்.

லாரிக்காரர்கள் விஷயம் வேறு. வண்டியைக் கிளப்பியதும் சாமிப் பாட்டுதான் முதலில் வர வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஸ்டீரியோவோ பெயர் வரிசைப்படி பாடுகிற ஜந்து. அதனால் பிள்ளையாரின் பெயருக்கு முன்னால் சைபர் போட்டு அவரை முன்னுக்கு இழுப்பேன். ஒரு தடவை சங்ககிரியிலிருந்து ஒரே லாரியின் டிரைவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெயர் முருகன், இன்னொருவர் பெயர் அப்பாஸ். இருவருக்கும் அவரவர் பாட்டுத்தான் முதலில் வர வேண்டும். எனக்கு வழி தெரியவில்லை. பாய் தாடியைத் தடவிக்கொண்டு, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இரண்டாகப் பிரித்துப் போடச் சொன்னார். போகிறது யாருடையது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது. கடைசியில் டீக்கடையில் நாணயம் சுண்டித் தீர்த்துக்கொண்டார்கள்.

காதர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், வெள்ளை ஜிப்பா, குரல் எப்போதும் பக்கத்து அறையில் குழந்தை தூங்குவது மாதிரி இருக்கும். யார் சிடி கொண்டுவந்தாலும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கவே மாட்டார். "இதைப் பார்க்கறதுக்கு யாரும்மா காத்துக்கிட்டிருக்காங்க?" என்றுதான் கேட்பார். துபாயில் இருக்கிற பையன் என்றால் ஓர் அவசரம். ஆஸ்பத்திரியில் இருக்கிற மாமியார் என்றால் எல்லாவற்றுக்கும் முந்தின அவசரம். யாருமில்லை, சும்மா கிடந்தது கொண்டுவந்தேன் என்றால் அந்த சிடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. உடைந்து இரண்டு துண்டாக வந்த சிடியைப் பார்த்தும், பார்ப்போம்மா என்றுதான் சொன்னார். உள்ளே வந்ததும் நானும் அவரும் ஆளுக்கொரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

எங்களுக்குப் பெரிய சீசன் ஆயுத பூஜை முடிந்த வாரம். இந்தப் பக்கத்தில் அன்றைக்கு உழைக்கிற பொருள் எதுவும் பொட்டு இல்லாமல் தப்பாது. தறி, லாரி, போர்வெல் வண்டி, கிரைண்டர், மிக்ஸி, டிவி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். டிவிக்கு வைத்தால் பக்கத்தில் இருக்கிற பிளேயருக்கு வைக்க வேண்டாமா? பிளேயருக்கு வைத்தால் சிடி என்ன பாவம் செய்தது? பொட்டு எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்விக்கும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். பளபள என்று இருப்பதுதான் முகம், பேனாவில் எழுதியிருப்பது முதுகு. ஆக, சரியாகப் படம் இருக்கிற பக்கத்தில் பொட்டு வைத்துவிட்டு, பாட மாட்டேன் என்கிறது என்று கொண்டுவருவார்கள். நான் யாரையும் கேலி செய்ததில்லை. டிவி ரிமோட்டின் கண்ணிலேயே பொட்டு வைத்துவிட்டு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டவள் நான்.

எங்கள் கடையிலும் பூஜை உண்டு. பொரி, கடலை, ஆப்பிள் எல்லாம் பாய் வாங்கிவந்து வைத்துவிட்டு வாசலில் நின்றுகொள்வார். பொட்டு வைக்கிற நேரத்தில் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து, பெட்டிக்கு வைங்க, டிரைவ் வாய்க்கு வேண்டாம் என்பார்.

பொட்டு வைத்த சிடியைத் துடைக்கிற முறையையும் அவர்தான் கண்டுபிடித்தார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால் போயிற்று, குங்குமம் மணல் மாதிரி இழுத்துக்கொண்டு போய்க் கீறிவிடும். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் குழந்தைக்குப் போடுகிற ஷாம்பூ ஒரு சொட்டு. சிடியை முகம் மேலே இருக்கும்படி முழுகவிட வேண்டும். பொட்டு தானாக இளகிப் பிரிகிற வரைக்கும் தொடக்கூடாது. எனக்குக் கை துறுதுறுக்கும், பாய் கண்ணாலேயே அதட்டுவார். பிறகு பழைய ஜிப்பாத் துணியை நனைத்து, நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் ஒற்ற வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. உள்ளே படம் வட்டமாகத்தான் ஓடுகிறது, கீறலும் வட்டமாக விழுந்தால் ஒரு நீளத்துக்கு எல்லாமே போய்விடும். குறுக்கே விழுந்தால் தாண்டிக் குதித்துவிடலாம்.

துடைத்த பிறகு டிரைவ். எங்களிடம் மூன்று இருந்தன, மூன்றுக்கும் நான் பெயர் வைத்திருந்தேன். புது டிரைவ் மாப்பிள்ளை. எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளித்து வெளியே தள்ளும். அடுத்தது நாத்தனார். வேகமாகப் படிக்கும், பாதியில் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். மூன்றாவது, மஞ்சள் ஏறிப்போன கிழட்டு டிரைவ், மாமியார். மெதுவாகப் போகும், கரகர என்று முணுமுணுக்கும், ஆனால் ஒரு புள்ளி விடாமல் திரும்பத் திரும்பத் துருவும். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், மற்றதை முடித்துவிட்டு, மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கும். மோசமான சிடி வந்தால் மாமியாரிடம் விட்டுவிட்டு நான் சாப்பிடப் போய்விடுவேன்.

அந்த மாமியாரும் திணறிய ஒரு சிடியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எடப்பாடியிலிருந்து பாப்பாத்தி என்று ஒரு அம்மா வந்தார். தறிப்பட்டறை வைத்திருக்கிற குடும்பம். பையிலிருந்து எடுத்து வைத்த சிடியைப் பார்த்ததும் நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு பொட்டோடு நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒன்றாக, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு, பக்கத்தில் இன்னொன்று, அப்பம் மாதிரித் தடித்துப் போயிருந்தது. பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பார்க்கக் காத்திருப்பது என் மகள் நிவேதா என்றார் அந்த அம்மா, அவளுக்குக் கல்யாணம்.

கதை இதுதான். பாப்பாத்தியம்மாவுக்கு இரண்டு அண்ணன்கள், இருவரும் திருச்செங்கோடு பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். பெரியவர் நாச்சிமுத்து, சின்னவர் குப்புசாமி. நிவேதா கைக்குழந்தையாக இருந்தபோது காதுகுத்து வைத்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், அதுவும் மூத்த தாய்மாமன் இருக்கும்போது அவர் மடிதான். பெரியண்ணன் மடியில்தான் உட்கார வைத்தேன் என்கிறார் பாப்பாத்தியம்மா. ஊசி குத்துவதைப் பார்க்க மனசு வராமல் திரும்பி நின்றிருக்கிறார். சுற்றியிருந்த பெண்டுகளும் அவரைத்தான் தேற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் குழந்தை சின்னண்ணன் மடியில், காதில் கம்மல். தூணோரம் இருந்த பெரியண்ணன் எழுந்து, சரியாக உட்காரவிடாமலே குழந்தையைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டீர்கள், என்னை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் போனார். போனவர் இருபது வருஷத்துக்கு மேலாகத் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை, தம்பியோடும் பேச்சு இல்லை. தம்பியைக் கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

விழா சிடி வந்தபோது பாப்பாத்தியம்மாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் வைத்தவர் ஒரு தடவையும் போட்டதில்லை. ஆயுத பூஜைக்குப் பட்டறையில் மிஞ்சிய சந்தனத்தை எடுத்துவந்து டிவிக்கு வைக்கும்போது இதற்கும் வைத்திருக்கிறார். படம் எடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போய் வெகுகாலம் ஆயிற்று.

இப்போது கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்று. தாய்மாமன் வரிசையில் முதல் பெயர் நாச்சிமுத்து. அவரோ வர மாட்டேன் என்கிறார். பெரிய மாமா மாலை போடாமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று மகள் ஒரே பிடியாக நிற்கிறாள்.

"அண்ணன் மடியில கொழந்தைய நான்தானுங்க உக்கார வெச்சேன். அது நெசம்னு இதுல இருந்தாப் போதுமுங்க. பாத்தாருன்னா வந்துருவாருங்க" என்றார் பாப்பாத்தியம்மா.

பேசினில் அந்த சிடி கிடந்த நேரத்துக்கு ஒரு குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்திருக்கலாம். தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தோம். சந்தனம் இளகியது, அடியில் இருந்த குங்குமம் சிவப்பாகக் கரைந்து பேசினே ஆரத்தித் தட்டு மாதிரி ஆனது. துடைத்து எடுத்தபோது முகத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு. மாப்பிள்ளை உடனே துப்பியது. நாத்தனார் கொஞ்ச தூரம் போய் நின்றது. மாமியாரிடம் கொடுத்தோம். விநாயகர் பூஜை வந்தது, பந்தி வந்தது, யாரோ ஒருவர் இலையில் பாயசம் ஊற்றிக்கொள்வது வந்தது. காது குத்துகிற இடம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மாமியார் முணுமுணுத்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு கார் நின்றது. ஆறடி உயரம், மடிப்புக் கலையாத வேட்டி, கன்னத்தைத் தொடுகிற மீசை. நாச்சிமுத்து என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். சிடி சேலத்துக்குப் போயிருக்கிறது, உண்மை தெரியப்போகிறது என்று தங்கை சொல்லி அனுப்பியிருக்கிறார். பாய் டீ வரவழைத்தார். அவர் தொடவில்லை.

"ஏனுங்க பாய், அந்த சிடி வீணாப்போச்சுன்னு சொல்லிப்போடுங்க" என்றார்.

எடுக்கிறதுதான் எங்கள் தொழில், அழிக்க இங்கே மிஷின் இல்லை, பொருள் உங்கள் தங்கச்சி கொடுத்தது என்று பாய் அதே மெல்லிய குரலில் சொன்னார். பிறகு தன் வழக்கமான கேள்வியைத் திருப்பிப் போட்டார். "இதை யாரு பார்க்கக் கூடாதுங்கறீங்க ஐயா?"

அவர் மீசையை முறுக்கினார், பிரித்தார். "எந்தம்பிங்க" என்றார் கடைசியில். "அவன் பாத்தாச் சிரிப்பானுங்க. கெடா வெட்டுன்னா முன்னால நிப்பேன். பாம்பப் புடிச்சு வீசுவேன். ஊசியப் பாத்தா மட்டும் எனக்கு ஆகாதுங்க. ஆசாரி ஊசிய எடுத்தாரு, கண்ண இருட்டுச்சு. சுதாரிச்சுப் பாக்கறதுக்குள்ள கொழந்தையப் புடுங்கி அவன் மடியில வெச்சுக்கிட்டான். ஒரு நிமுசம் பொறுத்திருக்கக் கூடாதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று பயந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தேன். அந்த நேரம் பார்த்து மாமியாரின் முணுமுணுப்பு நின்றது. நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். முழுசாக எடுத்துவிட்டது. ஐயோ, அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! டிரைவைத் தட்டிக்கொடுத்தேன், என் மாமியாரே உயிரோடு வந்திருந்தாலும் அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டேன்.

படத்தில் இருக்கிறவருக்கும் பார்க்கிற உரிமை உண்டு, முதலில் நீங்களே பாருங்கள் என்றார் பாய். நாச்சிமுத்து ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

திரையில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, மீசைக்கார மாமன் மடியில். பாப்பாத்தியம்மா சொன்னது அத்தனையும் நிஜம். குழந்தை ஒரு கையால் மாமனின் மீசையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. ஆசாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், ஊசியை எடுத்தார். மாமனின் கண்கள் மேலே போயின. ஆறடி உடம்பு மெதுவாகச் சாய ஆரம்பித்தது. குழந்தை மீசையை விடவில்லை.

அப்போதுதான் குப்புசாமி உள்ளே பாய்ந்தார். முதலில் அவர் குழந்தையைத் தொடவில்லை. அண்ணன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கித் தூணில் சாய்த்தார். பிறகு மீசையிலிருந்து குழந்தையின் விரல்களைப் பிரித்தார். மடியில் இருந்ததைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு செய்ததுதான் விஷயம். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து உதறுகிற மாதிரி அண்ணனுக்கு முன்னால் பிடித்தார். நேராகக் கேமராவைப் பார்த்து, அந்தப் பக்கம் போய் விளக்கைப் படம் எடு என்று கையைக் காட்டினார். கேமரா கீழ்ப்படிந்து விளக்குக்குப் போனது. துண்டுக்குப் பின்னால் இருந்த அண்ணன் யார் கண்ணிலும் படவில்லை.

நாச்சிமுத்து மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை, துண்டு விரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இவனுக்குத் தெரியும்" என்றார். "இத்தன வருசமா நான் பேசாமத் திரிஞ்சேன், ஏசாத ஏச்சு இல்ல. தெரிஞ்சும் ஒருத்தர்கிட்ட வாய் தொறக்கலயே, அம்மிணி."

அவ்வளவு பெரிய மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகையின் நடுவிலேயே, மீசையில் தொங்குகிற குழந்தை ஞாபகம் வந்திருக்க வேண்டும், தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. நான் சிரித்தேன், பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஆறிப்போன டீயை நாச்சிமுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இதைக் கல்யாணத்தில் பெரிய திரையில் போட முடியுமா என்று கேட்டார். கேட்கிறது நான் என்று பாப்பாத்திக்கு மட்டும் சொல்லிவிடுங்கள், குப்புசாமிக்குச் சொல்லாதீர்கள் என்றார்.

பாப்பாத்தியம்மா பென் டிரைவ் வாங்க வந்தபோது அந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கடைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். போகும்போது, இதற்கும் பொட்டு வைக்கலாமா என்று கேட்டார். மூடி மேல வைங்கம்மா என்றார் பாய்.

கல்யாணத்துக்கு என்னையும் பாயையும் கார் அனுப்பிக் கூட்டிப் போனார்கள். மாலை போடுகிற நேரம் வந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருந்த திரையில் காதுகுத்து ஓடியது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு ஓடிவந்து நின்று பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த குப்புசாமி முதலில் புரியாமல் பார்த்தார், துண்டு விரிகிற இடம் வந்ததும் தோளில் இருந்த துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டார். நாச்சிமுத்து மேடையை விட்டு இறங்கி நேராக அவரிடம் போனார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தனக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

பிறகு மாலையை எடுத்தார். தூக்கியவர் கழுத்தில் போடத் தயங்கினார், மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்து கீழே விழுந்தது. நிவேதா தலையைக் குனிந்துகொண்டே சொன்னது பக்கத்தில் இருந்த மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பயப்படாதீங்க மாமா. இன்னிக்கு ஊசி இல்லீங்க."

மாமன் மாலையைப் போட்டார். நான் மேடைக்குப் பக்கவாட்டில் நின்றிருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. குப்புசாமி எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணன் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டிருந்தார்.